புறம்போக்குச் செடி வீட்டுக்கு வந்தால்

மதுரையில் ஆவாரங்கன்றைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் அப்பத்தா சிரித்திருக்கும். நாகமலை அடிவாரம், கீழக்குயில்குடிக்குப் போகிற வழி, உசிலம்பட்டிச் சாலையின் சரளை மேடுகள், திருமங்கலம் தாண்டிய ரயில் பாதையோரம் என்று கேட்பாரற்றுக் கிடந்த செடி அது. இப்போது அந்த மேடுகளில் பாதி, கல் ஊன்றிய பிளாட்டாகிவிட்டது. மீதியைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. ஆவாரை நர்சரிப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, 'சுகருக்கு நல்லது' என்ற அட்டையோடு.

எங்கள் மனை நாகமலைக்கு மேற்கே இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். வேலியோரம் முழுக்க ஆவாரைதான். சில ஆண்டுகளாக அதை வளர்த்து, வெட்டி, சமைத்து, குளிக்கிற பொடியில் சேர்த்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தச் செடிக்கு உபசாரம் ஆகாது. தண்ணீரும் எருவும் அதிகமானால் செடி கெடும். பூவை அளவில்லாமல் குடித்தால் உடம்பு கெடும்.

முதலில் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். மஞ்சள் பூ பூக்கிற எல்லாவற்றையும் ஆவாரை என்று விற்கிறார்கள். பொன்னாவாரை, தகரை, சீமை அகத்தி என்று இதன் பங்காளிகள் ஏராளம். ஆவாரைக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், வட்டமாக, காது மடல் போல இரண்டு சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தாவரவியலார் இதற்கு வைத்த 'ஆரிக்குலாட்டா' என்ற பெயரே அந்தக் காதை வைத்து வந்ததுதான். காய் தட்டையாக இருக்கும், முற்றினால் காகிதம் மாதிரி சலசலக்கும். பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காதைப் பாருங்கள்.

விதையில்தான் பலர் சலித்துப்போகிறார்கள். மாசி, பங்குனியில் நெற்று காய்ந்ததும் உதிர்த்து அப்படியே தூவினால், மழை பெய்தும் முளைக்காமல் கிடக்கும். விதையின் மேல்தோல் அவ்வளவு கெட்டி. கொதிக்க வைத்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கியதும் விதையை அதில் போட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போடலாம். ஊறி உப்பியது பெரும்பாலும் ஏமாற்றாது. போத்து வெட்டி நட்டால் வேர் பிடிப்பது கடினம், அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பையில் முளைக்கவைப்பதானால் கன்று ஒரு சாண் உயரம் வந்ததுமே நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆணிவேர் நேராகக் கீழே போகிற சாதி இது. பைக்குள் வேர் சுருண்டுவிட்டால், நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே நின்றுவிடும், கோடையில் தாக்குப்பிடிக்காது. நர்சரியில் வாங்குகிறவர்கள் நல்ல உயரமான, பூத்திருக்கிற கன்றாகத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். சின்னக் கன்றை வாங்குவதே மேல். அதைவிட, நட வேண்டிய இடத்திலேயே குழிக்கு நாலு விதை போட்டு, தேறியதை மட்டும் விட்டுவைப்பது இன்னும் மேல். நம்மூரில் வருசத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் விழுகிறது. அதற்கு முன்பாக, புரட்டாசியில் நட்டுவிட்டால் முதல் மழையைச் செடி வீணாக்காது. செடிக்குச் செடி நாலைந்து அடி இருக்கட்டும்.

முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் போதும். அதன் பிறகு மறந்துவிடலாம். பக்கத்து மனையில் மல்லிகைப் பாத்திக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய்க்கு அருகில் நிற்கிற ஆவாரைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். தழைத்து, கரும்பச்சையாய், வாட்டசாட்டமாக நிற்கின்றன, பூ மட்டும் அங்கொன்று இங்கொன்று. கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கியபோது முதலில் வேர் அழுகிச் சாய்ந்தவையும் அவைதான். பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் நிலக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரிசலில் ஆவாரை வரப்பிலும் மேட்டிலும் நன்றாக வரும், தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் வராது. கொஞ்சம் மண்ணை அணைத்து மேடாக்கி வைத்தால் கவலையில்லை.

உரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அவரை, துவரை குடும்பத்துச் செடியல்லவா, வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்கிறார்கள். பிடுங்கிப் பாருங்கள், இந்த வகைச் செடிகளின் வேரில் அந்த முடிச்சு இருக்காது. இதன் உரம் இலையில்தான் இருக்கிறது. யூரியா மூட்டை வருவதற்கு முன்பு, நெல் நடும் வயலில் கொளுஞ்சி, எருக்கு, வேம்போடு ஆவாரந்தழையையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மிதித்தது அதனால்தான். நான் வெட்டுகிற கிளைகளை முருங்கை மூட்டில் போட்டுவிடுகிறேன்.

வெட்டுவது முக்கியம். பூ கிளை நுனியில்தான் வரும், ஆகவே நுனி அதிகமானால் பூவும் அதிகம். விதை எடுத்து முடித்ததும் பங்குனியில் முழங்கால் உயரத்துக்குக் கூசாமல் வெட்டிவிடுகிறேன். ஒரு கோடை மழை விழுந்தால் போதும், அடியிலிருந்து குபுகுபுவென்று துளிர்க்கும். வெட்டாமல் விட்ட செடி கீழே மொட்டையாகி, மேலே மட்டும் நாலு பூவோடு கிழடு தட்டிப்போகும்.

மாடியில் தொட்டியில் வைத்திருக்கும் ஒரு தோழிக்குப் பூ நிறையப் பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. காரணம் பூவின் அமைப்பு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் உப்பு டப்பாவின் துளை மாதிரி மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் சிறு ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற பெரிய கருவண்டுகள் வந்து ரீங்கரித்தால் பொடி உதிரும். பெட்டித் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு காய்ந்த மரத்தைக் குடைந்து குடியிருக்கும். வீட்டுப் பக்கம் ஒரு பட்ட கிளையையோ மூங்கிலையோ அப்புறப்படுத்தாமல் விட்டுவைத்தால் அது வரும்.

புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம். மழைக்குப் பிறகு இலையில் காணும் பச்சைப் புழுக்கள் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள். இலையை அரித்துத் தீர்த்தாலும் செடி மறுபடி தளிர்க்கும். நாம் வாயில் வைக்கப் போகிற பூவில் பூச்சிமருந்து எதற்கு? மாடும் இதை விரும்பி மேயாது. வேலிச்செடியாக இருக்க அது ஒரு தகுதி.

பொங்கலுக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் போனால் காப்புக் கட்டுவதற்கான கட்டுகள் குவிந்திருக்கும். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை, மாவிலை. ஒரு பாட்டியிடம், "ஆத்தா, இது எங்க பறிச்சது?" என்று கேட்டேன். "காட்டுலதான் தாயி. முன்ன ஊருக்குப் பின்னாலயே கெடைக்கும், இப்ப பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கு" என்றார். ஆவிரையும் பூளையும் சேர்ந்து வருவது இன்று நேற்றைய வழக்கமில்லை. சங்க காலத்தில் காதல் கைகூடாத ஆண் மடலேறும்போது சூடிய மாலையிலும் இந்த இரண்டும் இருந்ததாகக் கலித்தொகை சொல்கிறது. ஊர் சிரிக்க அணிந்த பூ, இன்று வீட்டு நிலையைக் காக்கிற பூ. எப்படி மாறியதோ!

பட்டைக்கு வேறொரு கதை. ஆவாரம்பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து அதிகம். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு தோல் ஷாப்புகளுக்கு இந்த வறண்ட காடுகளிலிருந்து பட்டை வண்டி வண்டியாகப் போனது. அப்படிப் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பேரில் லண்டன் சந்தை வரை போய், பின்னாளில் தமிழ்நாட்டின் பொருளாகப் புவிசார் குறியீடும் பெற்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்த பிறகுதான் ஆவாரைக்கு மூச்சு வந்தது. வீட்டு வேலியில் பட்டை உரிக்கும் ஆசை வேண்டாம், உரித்த கிளை பிழைக்காது.

பூவுக்கு வருவோம். காலை வெயில் ஏறுமுன் நன்றாக விரிந்ததைப் பறிக்க வேண்டும். நான்குவழிச் சாலையோரப் பூவைத் தொடுவதில்லை, வண்டிப்புகை முழுக்க அதில்தான் படிந்திருக்கும். வெயிலில் காயப்போட்டால் பழுப்பாகிவிடும். நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி, நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது குளியல் பொடிக்குத்தான். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேரோடு காய்ந்த ஆவாரம்பூவையும் சேர்த்து மில்லில் கொடுத்து அரைப்பது. சித்திரை வெயிலில் வேர்க்குரு வந்த பிள்ளைகளுக்கு சோப்பை நிறுத்திவிட்டு இதைத் தேய்ப்போம். சமையலில், பச்சைக் காம்பையும் புல்லியையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் நன்றாக இருக்கும். முழுப் பூவையும் போட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். துவையலும் அரைக்கலாம், தேங்காயும் புளியும் சற்றுத் தாராளமாக வேண்டும்.

சரி, சுகர். எல்லோரும் இதற்குத்தான் காத்திருப்பார்கள். ஆவாரைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருக்கலாம் என்பதற்கு ஆதாரமில்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குப் பூவின் சாற்றைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக 2002இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் அது எலி, நாம் மனுசர். சித்த மருத்துவத்தில் உள்ள ஆவாரைக் குடிநீரும் வெறும் பூ டீ அல்ல. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்ந்து ஏழு சரக்கு. அதை அளவு சொல்லிக் கொடுக்க வைத்தியர் இருக்கிறார். எங்கள் தெருவில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு காலையும் மாலையும் ஆவாரம்பூ டீயில் இறங்கினார். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை வேறு சொல்லிக்கொண்டிருந்தார். கால் புண் ஆறாமல் போய்ப் பார்த்தபோது சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தாமல் கூடவே குடிக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்து ஆபத்து: இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ இறக்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லாமல் குடிக்காதீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இலங்கையில் ஆவாரையை 'ரணவரா' என்று சொல்லி, நீர்வேட்கைக்கும் உடல் சூட்டுக்கும் பானமாகக் குடிப்பது பரவலான பழக்கம். அங்கேயே 1980களின் தொடக்கத்தில் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், கல்லீரலைப் பாதிக்கும் ஒருவகை அல்கலாய்டு உள்ள செடிகளின் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். அதற்காக வேலியைப் பிடுங்க வேண்டியதில்லை. நான் வாரத்தில் ஓரிரு முறைக்கு மேல் குடிப்பதில்லை. ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஐந்தாறு பூவின் இதழ், அவ்வளவே. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலாவாரை என்று ஒன்று உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகி வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. பெயரும் குடும்பமும் ஒட்டியிருந்தாலும் அது பேதி மருந்து. பொடியாக அரைத்துவிட்டால் எது எதுவென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆவாரைப் பொடி குடித்து வயிறு பிடுங்கியது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது, "அரைச்சே தந்துரவாக்கா?" என்பார்கள். "வேணாம்ண்ணே, பூவாவே குடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து நாலைந்து பூவை வெந்நீரில் போட்டால் இதழ் விரியும். ஓரம் சுருங்கி நரம்போடிய மஞ்சள் இதழ் ஐந்தும், நடுவில் வளைந்த கேசரங்களும் தெரிந்தால் மீதியைப் பாட்டிலில் கொட்டலாம். இலைத்தூளும் குச்சியுமாக மிதந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.