கோடு போட்டால் ரோடு ஆகுமா?



‘கோடு போட்டா ரோடே போட்டுடுவான்’ என்று கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி ஊரில் சொல்வார்கள். கடைசி வருஷ புராஜெக்டில் நானும் கோடு போட்டேன். ரோடு வரவில்லை. கோடு காவேரித் தண்ணீர்மேல் போயிற்று! அந்தக் கோட்டை நம்பிய ஒரு தம்பி, செய்முறைத் தேர்வுக்கு லேட்டாக வந்து நின்றான்.

ஆண்டு மலர் என்றால் கவிதையும் கடி ஜோக்கும் இருக்க வேண்டும். எனக்கு அவை இரண்டும் வராது. நான் செய்த தப்பையும், அதைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்ட பாடத்தையும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. சிவில், எலக்ட்ரிகல் நண்பர்களின் பாடத்திலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் நால்வர் குழுவின் புராஜெக்ட், கல்லூரி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செல்போன் ஆப். டிரைவர் பக்கத்தில் ஒரு பழைய போன் இருக்கும். அது தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மாணவர் போனில் மேப்பின்மேல் ஒரு குட்டி பஸ் நகரும். பஸ்ஸிலிருந்து அவர் நிற்கும் நிறுத்தம் வரை ஒரு நீலக்கோடு. அதன் கீழே ‘இன்னும் இத்தனை நிமிடம்’. பார்த்தவர்கள் எல்லாம் ‘சூப்பர்டா’ என்றார்கள். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை.

எங்கள் பஸ் காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கிளம்பி, மாம்பழச்சாலை வழியாகத் திருவானைக்காவல் போய், திரும்பவும் மாம்பழச்சாலை வந்து, காவேரிப் பாலம் தாண்டி, சிந்தாமணி, கரூர் ரோடு, குடமுருட்டி என்று வரும். அந்தத் தம்பி நிற்பது குடமுருட்டியில். அன்றைக்கு பஸ் கிளம்பவே தாமதம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு மதியம்தான் தேர்வு. இவனுக்கோ காலை முதல் பேட்ச். டவுன் பஸ் ஒன்று வந்து நின்றிருக்கிறது. இவன் போனைப் பார்த்திருக்கிறான். ‘இன்னும் 5 நிமிடம்’ என்றிருக்கிறது எங்கள் ஆப். டவுன் பஸ்ஸை விட்டுவிட்டான்.

கல்லூரி பஸ் வந்தது அரை மணி நேரம் கழித்து.

நல்ல வேளை, தேர்வறைக்குள் விட்டார்கள். ஆனால் புரோகிராம் எழுதி முடித்தவனுக்கு அவுட்புட் எடுக்க நேரம் போதவில்லை. சாயங்காலம் என்னைப் பார்த்து, ‘‘அண்ணே, ஆப்புல பஸ் பக்கத்துலதாண்ணே இருந்துச்சு’’ என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோடு ஏன் ஆற்றில் இறங்கியது?

மேப்பில் கோடு போடும் கருவிக்குப் பாலிலைன் என்று பெயர். அதனிடம் புள்ளிகளை வரிசையாகக் கொடுத்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நேர்க்கோடு போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரோடு எது, ஆறு எது, வீடு எது என்று தெரியாது. அடியில் தெரியும் மேப் அதற்கு வெறும் கோலம் போட்ட தரை.

நாங்கள் கொடுத்தது இரண்டே புள்ளி: பஸ், நிறுத்தம். அம்மா மண்டபம் ஆற்றின் வடகரை. குடமுருட்டி தென்கரை. நேர்க்கோடு தண்ணீரைத் தாண்டித்தானே போகும்? அதைவிடப் பெரிய தப்பு, நிமிடத்தையும் அதே நேர்க்கோட்டின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டது. காக்கை பறந்தால் 5 நிமிடம் சரிதான். பஸ்ஸுக்கு இறக்கை இல்லையே!

வளைந்த ரோட்டில் கோடும் வளைந்து வருகிறதே என்று கேட்பீர்கள். போன் திரையில் அது வளைவே அல்ல. குட்டிக் குட்டி நேர்க்கோடுகள் நிறைய. எனவே நமக்கு வேண்டியது ரோட்டோரமாக நெருக்கமாக வைத்த புள்ளிகள். அவற்றை ரோட்டைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ரோட்டைத் தெரிந்தவர் யார்?

அவர்தான் ரவுட்டிங் என்ஜின். அவரிடம் ஊர் படமாக இல்லை, வலையாக இருக்கிறது. எலக்ட்ரிகல் நண்பர்கள் சர்க்யூட்டில் நோடு, பிராஞ்ச் என்று படிப்பீர்களே, அதே கதைதான். சாலைச் சந்திப்பு ஒவ்வொன்றும் நோடு. இரண்டு சந்திப்புக்கு நடுவே உள்ள சாலைத் துண்டு பிராஞ்ச். ஒவ்வொரு துண்டுக்கும் கடக்க ஆகும் நேரம், ஒருவழிப் பாதையா இல்லையா, எங்கெங்கே வளைகிறது என்ற புள்ளிகள், எல்லாம் எழுதி வைத்திருக்கும். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இப்படிப்பட்ட தகவலை உலகம் முழுவதும் பொதுமக்களே சேர்த்து வைத்த களஞ்சியம்.

இந்த வலையில் சுருக்கு வழி காண்பதற்கு அடிப்படை, டைக்ஸ்ட்ரா முறை. நெதர்லாந்து விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில், தான் மணக்கவிருந்த பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டு காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில், காகிதம் பென்சில் இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் யோசித்தது இது. 1959-இல் அச்சில் வந்தது. நாம் காபி குடிக்க உட்கார்ந்தால் என்ன யோசிக்கிறோம் என்பது வேறு விஷயம்!

நம் ஊரை வைத்தே போட்டுப் பார்ப்போம். நிமிடங்கள் கணக்குக்காக நானே வைத்தவை.

அம்மா மண்டபம் – மாம்பழச்சாலை: 5
மாம்பழச்சாலை – திருவானைக்காவல்: 6
மாம்பழச்சாலை – சிந்தாமணி (காவேரிப் பாலம்): 4
திருவானைக்காவல் – சஞ்சீவி நகர் (பைபாஸ் பாலம்): 7
சஞ்சீவி நகர் – சிந்தாமணி: 8
சிந்தாமணி – குடமுருட்டி: 7

விதி ஒன்றே ஒன்றுதான். இதுவரை எட்டியவற்றில் மிகக் குறைந்த நேரம் உள்ள இடத்தை உறுதி செய். அங்கிருந்து பக்கத்து இடங்களுக்கு நேரத்தைக் கூட்டிப் பார். முன்னைவிடக் குறைந்தால் மாற்றி எழுது. அம்மா மண்டபம் 0. மாம்பழச்சாலை 5. அங்கிருந்து சிந்தாமணி 9, திருவானைக்காவல் 11. குறைந்தது 9, எனவே சிந்தாமணி உறுதி. அங்கிருந்து குடமுருட்டி 16. இப்படியே 16 உறுதியாகும்போது நிறுத்தலாம். விடை 16 நிமிடம்.

இப்போது காவேரிப் பாலம் என்ற ஒரு துண்டை மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள். 5, 11, 18, 26, 33. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது! இது கற்பனை இல்லை. 2022 கடைசியில் மராமத்துக்காக அந்தப் பாலத்தை மூடி, 2023-இல்தான் திறந்தார்கள். அந்த நாட்களில் திருச்சிக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மேப்பில் பாலம் திறந்தபடி இருந்தால் என்ஜினும் பாலத்தில்தான் அனுப்பும். தகவல் பழசானால் கோடு எவ்வளவு அழகாக வளைந்தாலும் பயனில்லை.

விடை எந்த உருவில் வரும்?

ஆயிரம் புள்ளிகளை அப்படியே அனுப்பினால் டேட்டா வீண். எனவே சுருக்கி, ஒரே எழுத்துச் சரமாக அனுப்புவார்கள். பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். முதல் புள்ளி முழுசாக வரும். அதன்பின் ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்ற வித்தியாசம் மட்டும்.

உதாரணமாக அட்சரேகை வித்தியாசம் 0.00123. இதை 1,00,000-ஆல் பெருக்கினால் 123. பைனரியில் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளினால் 246, அதாவது 11110110. (வித்தியாசம் மைனஸாக இருந்தால், தள்ளியபின் எல்லா பிட்டையும் புரட்ட வேண்டும்.) வலப்பக்கத்திலிருந்து ஐந்தைந்து பிட்டாக வெட்டினால் 10110, 00111. அதாவது 22, 7. இன்னும் துண்டு பாக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக 22-உடன் 32 கூட்டினால் 54. இரண்டோடும் 63 கூட்டினால் 117, 70. ஆஸ்கி அட்டவணையில் 117 சின்ன ‘யூ’, 70 பெரிய ‘எஃப்’. ஒரு வித்தியாசம் இரண்டே எழுத்தில் அடங்கிவிட்டது! படிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இங்கே நாங்கள் விழுந்த மூன்று குழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சில என்ஜின்கள் 1,00,000-க்குப் பதில் 10,00,000-ஆல் பெருக்கி அனுப்பும். பார்க்காமல் பழைய எண்ணால் வகுத்தால் திருச்சியின் அட்சரேகை 10.8 என்பது 108 ஆகிவிடும். பூமியில் 90-க்கு மேல் அட்சரேகையே கிடையாது.

இரண்டு, ஜியோஜேசன் என்ற வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. நம் ஆண்ட்ராய்டு மேப்போ அட்சரேகையை முதலில் கேட்கும். மாற்றாமல் கொடுத்தோம். எங்கள் கல்லூரி பஸ் வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நின்றது. லேபே சிரித்தது.

மூன்று, ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச என்ஜின், நாம் எதுவும் சொல்லாவிட்டால் புள்ளிகளைக் குறைத்துத்தான் தரும். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும். பெரிதாக்கினால் கோடு வீட்டுக்குள் புகுந்து போகும். ‘ஓவர்வியூ’ என்ற இடத்தில் ‘ஃபுல்’ என்று கேளுங்கள்.

கார் வழி வேறு, பஸ் வழி வேறு

கோடு பாலத்தில் ஏறிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. என்ஜின் தந்தது சுருக்கு வழி. எங்கள் பஸ்ஸோ திருவானைக்காவல் போய்த் திரும்பும். ஆகவே முதலும் கடைசியும் மட்டும் போதாது. எல்லா நிறுத்தங்களையும் பஸ் போகும் வரிசையில், இடைப்புள்ளிகளாகக் கொடுக்க வேண்டும்.

பஸ் தினமும் ஒரே வழியில்தானே போகிறது? அதனால் ஒருமுறை கேட்டு வாங்கி எங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலுக்கு இது அனுமதி உண்டு. அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி என்று மேப்பில் போட வேண்டும். எல்லா நிறுவனங்களும் இப்படி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், விதியைப் படியுங்கள். ஓஎஸ்ஆர்எம்மின் பொதுச் சர்வரும் சோதனைக்குத்தான். நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. கூகுளைப் பயன்படுத்துவோர் கவனிக்க: பழைய டைரக்‌ஷன்ஸ் ஏபிஐ 2025 மார்ச்சில் ‘லெகஸி’ பட்டியலுக்குப் போய்விட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் ரவுட்ஸ் ஏபிஐ பக்கம் போக வேண்டும். சாவியைப் பூட்டுப் போடாமல் ஆப்புக்குள் வைக்காதீர்கள். அடுத்தவன் எடுத்துப் பயன்படுத்துவான், பில் உங்களுக்கு வரும்.

மிச்ச தூரம் காண்பது எப்படி?

இதற்கு சிவில் நண்பர்களுக்கு நன்றி. செயின் சர்வேயில், செயின் லைனுக்கு செங்குத்தாக ஆஃப்செட் எடுப்பீர்கள் அல்லவா? அதேதான். ஜிபிஎஸ் புள்ளி சரியாக ரோட்டின்மேல் விழாது, சில மீட்டர் தள்ளி விழும். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே இன்னும் அதிகமாகத் தள்ளும். அந்தப் புள்ளியிலிருந்து கோட்டின் ஒவ்வொரு குட்டித் துண்டுக்கும் ஆஃப்செட் எடுத்து, எது மிகக் குறைவோ அந்த இடத்தில் பஸ்ஸை ஒட்ட வைக்க வேண்டும். அங்கிருந்து நிறுத்தம் வரை உள்ள துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் அதுதான் உண்மையான மிச்ச தூரம்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எங்கள் பஸ் மாம்பழச்சாலையை இரண்டு முறை தொடுகிறது. முதல் முறை வரும்போதே ஆப் அதை இரண்டாவது முறை என்று நினைத்துக்கொண்டால், திருவானைக்காவல் போய்வரும் தூரம் முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போகும். திரும்பவும் அதே பொய்! அதனால் கடைசியாக எந்தத் துண்டில் இருந்தது என்று நினைவு வைத்து, அதற்கு முன்னே உள்ள சில துண்டுகளில் மட்டும் தேட வைத்தோம்.

கடைசியாக ஒன்று. டிரைவர் பக்கத்துப் போன் இரண்டு நிமிடமாகத் தகவல் அனுப்பவில்லை என்றால், நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு ‘பஸ்ஸின் இருப்பிடம் தெரியவில்லை’ என்று எழுத வைத்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு என்ஜினீயரிங்தான்.

முடிவாக

வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்ட கேள்வி: ‘‘இந்தக் கோடு எங்கிருந்து வருது?’’ முதலில் செய்த ஆப்போடு போயிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். இப்போது பலகையில் ஆறு இடங்களை வரைந்து 16 வரவழைத்துக் காட்டினேன். பாலத்தை அழித்து 33-உம் காட்டினேன். தலையாட்டினார்.

ஆனால் அதைவிடப் பெரிய வைவா, குடமுருட்டி நிறுத்தத்தில் நடந்தது. திருத்திய ஆப்பைத் தம்பி போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலை நானும் அவனோடு நின்றேன். ‘சுமார் 14 நிமிடம்’ என்றது. அவன் என்னைப் பார்த்தான், வந்த டவுன் பஸ்ஸைப் பார்த்தான். ‘‘இன்னிக்கு எக்ஸாம் இல்லண்ணே, நின்னு பாத்துருவோம்’’ என்றான். பஸ் வந்தபோது பதினாறு நிமிடம் ஆகியிருந்தது. ‘‘ரெண்டு நிமிஷம்தாண்ணே, பரவால்ல’’ என்று சிரித்துவிட்டு ஏறினான்.

நண்பர்களே, மேப்பில் போடும் கோட்டை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். நிறுத்தத்தில் நிற்கும் ஒருவனுக்கு அது வாக்கு. டவுன் பஸ்ஸை விடுவதா ஏறுவதா என்று அவன் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறான். அடுத்த வருஷம் புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே, கோடு போடுவதற்கு முன் ரோட்டைக் கேளுங்கள். போட்டபின் ஒரு நாள் நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள்.