சவரக்கத்தி பிறந்த கதை

கேள்வி: தாத்தா தோட்டத்தில் இருந்த காலத்துச் சவரக்கத்தி ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அலகின் அடியில் ‘சோலிங்கன்’ என்று பொறித்திருக்கிறது. இந்த மடக்குக் கத்தி எந்த நாட்டில் தோன்றியது? இதை வைத்து நானே முகச்சவரம் செய்யப் பழகலாமா?
— வாசகர், பாரிட் புந்தார்

பதில்: பழகலாம். அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்னவென்று பார்த்துவிடுவோம்.

சோலிங்கன் என்பது ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊர். வாளும் கத்தியும் செய்தே பிழைத்த ஊர். 1938இல் ஒரு சட்டம் வந்ததிலிருந்து, அந்த வட்டாரத்தில் செய்த வெட்டுக்கருவிகளுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் பொறிக்கலாம்.

சவரம் செய்யும் வழக்கம் சோலிங்கன் கத்தியைவிட எவ்வளவோ பழையது. மொகஞ்சதாரோவில் செப்புச் சவரக்கத்திகளும் எகிப்தியக் கல்லறைகளில் வெண்கலச் சவரக்கத்திகளும் கிடைத்திருக்கின்றன. நம் பொருநராற்றுப்படையில் பாடினியின் காதுக்கு முடி வெட்டும் கத்தரியின் கைப்பிடி உவமையாக வருகிறது. கேட்டவுடன் எல்லோருக்கும் கண்ணில் தெரிகிற பொருளைத்தான் புலவர் உவமை சொல்வார். முடிதிருத்தும் கருவிகள் அன்றைக்கே வீட்டுக்கு வீடு தெரிந்தவை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பிடிக்குள் மடங்குகிற இன்றைய வடிவம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் அங்கே மண்குகை என்னும் களிமண் கலத்தில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதுவரை எஃகுத் துண்டு ஒன்றிலேயே ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் மென்மையாகவும் இருக்கும். உருக்கி வார்த்த எஃகு முழுக்க ஒரே தரம். மயிரை இழுக்காமல் அறுக்கும் மெல்லிய கூர் அதில்தான் நின்றது.

மண்குகையில் எஃகு செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மண்குகைகளும் வெளிப்பட்டன. 19ஆம் நூற்றாண்டிலும் அந்தக் கைத்தொழில் உயிரோடு இருந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியைக் குகைக்குள் போட்டு, மேலே எருக்க இலையை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். இரும்பு எஃகாகும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் உலகம் வியந்த எஃகுக்குள் போயிருக்கின்றன என்பது எனக்குப் பெரிய செய்தி. பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி.

இந்த எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகே மேல் என்று தன் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து அந்த எஃகின் ரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியல் மேதையாக நாம் அறிந்த அதே ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். 1820லும் 1822லும் இருவரும் எஃகுக் கலவைகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். தாம் உருவாக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார் ஃபாரடே.

இதைக் கேட்டதும் ‘ஷெஃபீல்ட் கத்தியே தமிழர் கண்டுபிடிப்பு’ என்று சிலர் மேடையில் சொல்லிவிடுகிறார்கள். ஹன்ட்ஸ்மன் நம்மிடமிருந்து கற்றார் என்பதற்குச் சான்று கிடையாது. சவரக்கத்தி செய்தவர்கள் நம் எஃகைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. பெருமைப்பட அது போதும்.

அலகின் இரு பக்கத்தையும் உள்வாங்கலாகக் குடைந்து மெலிதாக்கும் வேலையில் 19ஆம் நூற்றாண்டில் சோலிங்கன்காரர்கள் தேர்ந்தார்கள். உங்கள் கத்தியை முனைப்பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். முதுகு தடித்தும் நடு ஒடுங்கியும் இருக்கும். அந்தத் தடித்த முதுகுக்கு ஒரு வேலை உண்டு. சாணைக்கல்லில் முதுகும் கூரும் சேர்ந்து படியும்படி வைத்துத் தேய்த்தால், தீட்டும் கோணம் தானாக அமைந்துவிடும்.

இனி பழகும் வழி. கூரில் துருக்குழியோ பல்லோ விழுந்திருந்தால் அந்தக் கத்தியைத் தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்க வேண்டாம். கூர் முழுசாக இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்து, தீட்டத் தெரிந்தவரிடம் முதல் தடவை கொடுத்து வாங்குங்கள். கல்லில் தீட்டுவதை முதல் மாதமே கற்க முயன்று நல்ல கத்தியைக் கெடுத்தவர்கள் அதிகம்.

நீங்கள் முதலில் கற்க வேண்டியது தோல்வாரில் தீட்டுவது. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுக்க வேண்டும். திரும்பும்போது முதுகின் மேலேயே கத்தியைப் புரட்ட வேண்டும், தூக்கிப் புரட்டினால் வார் வெட்டுப்படும். கூர் மழுங்கிய கத்தியை வைத்து இதைச் சில நாள் செய்து கையைப் பழக்குங்கள். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் முப்பது, நாற்பது இழுப்பு வேண்டும். அவசரம் கூடாது.

குளித்து முடித்ததும், மயிர் ஊறி மென்மையாக இருக்கும்போது சோப்பு நுரையைத் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். ஒரு கையால் தோலை இழுத்து இறுக்கி, கத்தியைத் தோலிலிருந்து ஏறக்குறைய முப்பது பாகை சாய்த்து, மயிர் படிந்த திசையிலேயே இறக்குங்கள். அழுத்தவே கூடாது. அழுத்த வேண்டியிருந்தால் கத்திக்குக் கூர் போதவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் இம்மியும் நகர்த்தாதீர்கள், வெட்டு விழுவது அப்படித்தான். முதல் சில வாரம் இரண்டு கன்னம் மட்டும் போதும், மீதியை வழக்கமான ரேசரில் முடித்துவிடுங்கள். மோவாயும் மேலுதடும் கடைசிப் பாடம். கீறல் விழுந்தால் நனைத்த படிகாரக் கட்டியைத் தடவுங்கள். நீரிழிவு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் கிரியான் வட்டாரத்து ஈரக்காற்று இந்த எஃகுக்கு எதிரி. கழுவித் துடைத்து, வாரில் இரண்டு இழுப்பு இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். குளியலறையில் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: முடிதிருத்தகத்தில் இப்போது வைத்திருப்பதும் இதே கத்திதானா?
— வாசகர், நிபோங் தெபால்

பதில்: பார்வைக்கு ஒன்று, பொருள் வேறு. அது பாதி பிளேடைச் செருகும் பிடி. எறிந்துவிடும் மெல்லிய பிளேடை விற்க அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் நிறுவனம் தொடங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்த ரேசர் வழங்கப்பட்டது, போர் முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர் மடக்குக் கத்தியைத் தொடவில்லை. முடிதிருத்தகங்களில் மடக்குக் கத்தி மேலும் பல காலம் நீடித்தது. 1980களில் எய்ட்ஸ் அச்சம் பரவிய பிறகு ஆளுக்கொரு பிளேடு என்பது வழக்கமானது. ஹெப்பாடைட்டிஸ் பியும் ஒரே கத்தி வழியாகப் பரவக்கூடியது என்பதால் இது நல்ல மாற்றம்தான். புதிய பிளேடை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் வீட்டில் பழகுகிறவருக்கு இந்தப் பிளேடுக் கத்தியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளேடு மெலிது, எடை குறைவு, சிறு தவறுக்கும் தோலைக் கடிக்கும். கனமுள்ள பழைய கத்திதான் கற்பவருக்கு இணங்கிப் போகும்.

தோல்வாரில் தீட்டத் தெரிந்த முதிய முடிதிருத்துநர்கள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆள் கிடைக்காத நிலையில், வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க 2023இல் மலேசிய அரசு மீண்டும் அனுமதி கொடுத்த தொழில்களில் முடிதிருத்தமும் ஒன்று. பாரிட் புந்தார் வாசகரே, உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் தாத்தாவின் கத்தியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். வாரைப் பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.