390 கிலோமீட்டரும் ஒரு பகலும்: ஐப்பசியில கார் ட்ரிப் போடுறது எப்படி?

ஜூனியர்ஸ், பூஜை லீவு வருது. வாட்ஸ்அப் குரூப்ல "எங்கடா போலாம்?"னு பேச்சு ஆரம்பிச்சிருக்கும். அதுக்கு முன்னாடி எங்க கதையைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

போன அக்டோபர்ல நாங்க அஞ்சு பேர், நண்பனோட அப்பா கார்ல கிளம்பினோம். பாண்டி, பிச்சாவரம், சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர், திரும்ப பாண்டி. எல்லாம் ஒரே நாள்ல. மேப்ல கூட்டிப் பார்த்தா சுமார் 390 கி.மீ., ஒன்பதரை மணி நேரம். "காலையில ஆறுக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்கு வீடு"ன்னு முடிவு பண்ணினோம்.

நடந்தது வேற. ஒருத்தன் எழுந்திரிக்கல, ஏழரைக்குத்தான் வண்டி நகர்ந்தது. பிச்சாவரத்துல படகுக்குக் காத்திருந்து, சுத்திப் பார்த்துட்டு சிதம்பரம் வந்தப்போ மணி 12:15. கோயில் நடை சாத்திட்டாங்க. கங்கைகொண்ட சோழபுரம் போனா அங்கயும் அதே கதை, மதில் வெளியே நின்னு போட்டோ எடுத்தோம். தஞ்சாவூர் சேர்ந்தப்போ அஞ்சே கால். அரை மணி நேரத்துல இருட்டிடுச்சு.

திரும்பும்போது மழை. வடலூர் தாண்டினதும் ஓட்டிட்டிருந்தவனுக்குக் கண் ஒரு நொடி மூடிடுச்சு. இடது சக்கரம் ரெண்டும் தார் ரோட்டை விட்டு இறங்கினப்போதான் எல்லாருக்கும் முழிப்பு வந்துச்சு. பக்கத்துல பள்ளம், தண்ணி. எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த டீக்கடை வாசல்ல வண்டியை ஓரம் கட்டி, விடியற வரைக்கும் அங்கேயே தூங்கினோம். அம்மாவோட பதினாலு மிஸ்டு காலுக்கு என்ன பதில் சொன்னேன்னு கேட்காதீங்க.

வீட்டுக்கு வந்து நிதானமா யோசிச்சப்போதான் தப்பு எங்கன்னு புரிஞ்சது. டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம் எல்லாரும் படிச்சிருப்போம். அஞ்சு இடம்னா 120 வரிசை, அதுல தூரம் குறைஞ்சதை எடுத்துக்கோ. ஆனா ஊர் சுத்துறதுல தூரம் பிரச்சினையே இல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு திறக்குற நேரம், ஒரு மூடுற நேரம் இருக்கு. பிச்சாவரம் முதல்லயா சிதம்பரம் முதல்லயாங்கிறதுல தூரம் பெருசா மாறாது. ஆனா ஒரு வரிசையில நடராஜரைப் பார்க்கலாம், இன்னொண்ணுல பூட்டின கதவைத்தான் பார்க்கலாம்.

அதனால இந்த நாலு கணக்கையும் முதல்ல போட்டுடுங்க.

1. பகல் எவ்வளவு? அக்டோபர் நடுவுல நம்ம ஊர்ல சூரியன் ஆறு மணி வாக்கில உதிச்சு 5:50-க்கு மறைஞ்சிடும். பன்னிரண்டு மணி நேரம்கூட முழுசா கிடையாது. நெடுந்தூரம் ஓட்டுறதெல்லாம் இதுக்குள்ள முடியணும்.

2. நிஜ நேரம் எவ்வளவு? மேப் காட்டுற நேரத்தோட மூணுல ஒரு பங்கைக் கூட்டுங்க. டீ, டாய்லெட், டீசல், ஊருக்குள்ள டிராஃபிக் எல்லாம் அதுல அடங்கும். ஒவ்வொரு இடத்துலயும் பார்க்கிங், செருப்பு விடுறது, டிக்கெட்டுன்னு அரை மணி நேரம் தனியா வைங்க.

3. எப்போ திறந்திருக்கும்? நம்ம பக்கத்து சிவன் கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில சாத்தி நாலு மணி வாக்கில திறப்பாங்க. அந்த நாலு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓட்டுறதுக்கும் வச்சுக்குங்க.

4. மழை என்ன சொல்லுது? ஐரோப்பாவுல இந்த மாசம் இலை நிறம் மாறுறதைப் பார்க்கக் காரை எடுப்பாங்க. நமக்கு ஐப்பசின்னா அடைமழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்கில ஆரம்பிக்கும். லேட்டாக்கி நவம்பருக்குத் தள்ளினா இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலை மறந்திருக்க மாட்டீங்க. பாண்டியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. அடுத்த நாட்கள்ல தென்பெண்ணை வெள்ளத்தால விழுப்புரம் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையே நின்னு போச்சு. அதனால அக்டோபர் முதல் பாதிதான் நல்லது.

இந்தக் கணக்கை வச்சு நாங்க திருத்திப் போட்ட பிளான் ரெண்டு.

ஒரு நாள், மேற்கே: காலை 6:30-க்கு கோரிமேடு வழியா கிளம்புங்க. திண்டிவனத்துல டிபன், 70 கி.மீ. தாண்டி 9 மணிக்கு செஞ்சிக் கோட்டை. வெயில் ஏறுறதுக்குள்ள ராஜகிரி ஏறிடுங்க, ஏறி இறங்க மூணு மணி நேரம் ஆகும். 1690-களில் மராட்டிய மன்னர் ராஜாராம் இந்தக் கோட்டைக்குள்ள இருந்துதான் மொகலாயப் படையை வருஷக்கணக்கா சமாளிச்சார். 1750-ல் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க, அதனால நம்ம பாண்டிக்கும் கதையில பங்கு உண்டு. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாச்சு. சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குத் திரும்பினா, மயிலம் பக்கம் விலகி திருவக்கரை கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லா கிடக்கு. இருட்டுறதுக்குள்ள வீடு.

ரெண்டு நாள், தெற்கே: 5:45-க்குக் கிளம்பி 7:30-க்கு சிதம்பரம். கோயில் பார்த்து, டிபன் முடிச்சு, 15 கி.மீ.ல பிச்சாவரம். துடுப்புப் படகே எடுங்க, அதுதான் அலையாத்திக் காட்டோட குறுகலான கால்வாய்க்குள்ள போகும். மதியம் கோயில்கள் சாத்தியிருக்கிற நேரத்துல சாப்பாட்டை முடிச்சுட்டு வண்டியை ஓட்டுங்க. நாலு மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் திறக்கும்போது வாசல்ல இருப்பீங்க, சாயங்கால வெயில் ராஜேந்திர சோழனோட விமானத்து மேல விழும். அஞ்சே காலுக்குக் கிளம்பி, அணைக்கரை வழியா கும்பகோணத்துல தங்கல். கடைசி அரை மணி நேரம் மட்டும் இருட்டு, மெதுவா போங்க.

மறுநாள் ஏழு மணிக்கு தாராசுரம், பத்து மணி வாக்கில தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் முடிச்ச கோயில், எங்கேயும் போயிடாது. மதியம் ஒரு மணிக்கு கார்ல இருக்கணும். பாண்டிக்கு 170 கி.மீ.க்கு மேல இருக்கு, மழை வந்தா இன்னும் நேரம் ஆகும். "மாலை வெளிச்சத்துல பெரிய கோயில் சூப்பரா இருக்கும் மச்சான், இன்னும் கொஞ்ச நேரம்"னு ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான். எங்க கார்ல அதைச் சொன்னவன் நான்தான்.

வானிலை எச்சரிக்கை வந்துட்டா ஊரை விட்டே போக வேண்டாம். அரியாங்குப்பம் ஆத்துக்கரையில அரிக்கமேடு இருக்கு, மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டிப் பார்த்த இடம். அங்க கிடைச்ச பொருட்களை நம்ம மியூசியத்துலயே பார்க்கலாம், திங்கட்கிழமை மட்டும் லீவு. மூணு வருஷமா இங்க படிச்சும் நான் எட்டிப் பார்க்காத இடம் அது.

கடைசியா ஒண்ணு. ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டு பேராவது இருக்கணும், முந்தின ராத்திரி ரெண்டு பேருமே நல்லா தூங்கியிருக்கணும். பக்கத்து சீட்ல உட்காருறவன் தூங்கக் கூடாது. லிஸ்ட்ல ஒரு இடம் இடிக்குதுன்னா வேகத்தைக் கூட்டாதீங்க, இடத்தை வெட்டுங்க. நாங்க விட்ட நடராஜரையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் இந்த ஜனவரியில, அதே அஞ்சு பேரும், ரெண்டு நாள் எடுத்துப் போய்ப் பார்த்துட்டு வந்தோம்.