தீவுகளில் விளைநிலமும் குடிநீரும்

ஒரு நிலத்தில் இட்ட உரமும் தெளித்த மருந்தும் அந்நிலத்தோடு தீர்ந்துபோகின்றன என்று குடியானவர்களில் பலர் எண்ணுவதுண்டு. விசாலமான தேசங்களில் இவ்வெண்ணத்தின் பிழை எளிதில் வெளிப்படுவதில்லை. ஆறு நெடுந்தூரம் ஓடுகிறது. குடிநீர்க் கிணறு வேறோர் ஊரில் இருக்கிறது. ஜலம் கெட்டால் எவருடைய நிலத்திலிருந்து கெட்டது என்று கண்டுகொள்வதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். சிறு தீவுகளில் நிலைமை வேறு. மலைச்சரிவில் பெய்த மழை சில மணி நேரத்திற்குள் தோட்டங்களையும் ஊரையும் கடந்து, மீன் பிடிக்கும் கடற்கரையை அடைந்துவிடுகிறது. ஆகையால் நிலம், குடிநீர், ஊர்ச் சுகாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே விஷயமாகக் கருதவேண்டிய அவசியம் அங்கே தெளிவாக உணரப்பட்டது.

இதை முன்னிட்டுக் கரிபியன் கடலிலுள்ள ஆங்கிலம் வழங்கும் தேசங்கள் கூடி, 1980-க்குப் பிந்திய பத்தாண்டில், கரிபியன் சுற்றுப்புறச் சுகாதார நிலையம் என்ற ஸ்தாபனத்தைச் செயிண்ட் லூஷியா தீவின் தலைநகராகிய காஸ்ட்ரீஸில் அமைத்தன. செயிண்ட் லூஷியாவின் மொத்தப் பரப்பு சுமார் 616 சதுர கிலோமீட்டர். நம் நாட்டுத் தாலுகா ஒன்றின் அளவே எனலாம். ஜலத்தில் கரைந்துள்ள மருந்தின் மிகச் சிறு எச்சத்தையும் அளக்கும் கருவிகளை, அவற்றை நடத்தும் ரஸாயன நிபுணர்களோடு, இத்தகைய தீவுகள் தனித்தனியே வைத்துக்கொள்வது இயலாத காரியம். பல ஊரார் சேர்ந்து ஒரு பொலிகாளையை வளர்ப்பதுபோல, இத்தேசங்கள் சேர்ந்து ஒரு பரிசோதனைச் சாலையை வைத்துக்கொண்டன. குடிநீர், கழிவுநீர், கடல்நீர் ஆகியவற்றைப் பரீட்சிப்பதும், அங்கத்தினர் தேசங்களின் சர்க்கார்களுக்கு ஆலோசனை கூறுவதும் இதன் வேலையாயின. 2013-ஆம் ஆண்டில் இந்நிலையமும் வேறு நான்கு சுகாதார ஸ்தாபனங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டுக் கரிபியன் பொதுச் சுகாதார முகமை ஏற்பட்டது. அதன் தலைமை அலுவலகம் டிரினிடாடில் உள்ளது. சுற்றுப்புறச் சுகாதார வேலை செயிண்ட் லூஷியாவிலேயே நடைபெறுகிறது.

எச்சத்தை அளக்கும் கருவிக்கு இவ்வளவு பிரயாசை ஏன் என்று கேட்கலாம். அதற்கு விடை செயிண்ட் லூஷியாவுக்கு வடக்கே, கடல் வழியாய்ச் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. மார்த்தினிக், அதற்கு அப்பாலுள்ள குவாதலூப் ஆகிய இரு தீவுகளும் பிரான்ஸைச் சேர்ந்தவை. மேற்சொன்ன நிலையத்தை அமைத்த தேசங்களில் சேர்ந்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய தமிழ்க் கூலியாட்களின் சந்ததியார் அங்கே இன்றும் வாழ்கின்றனர். அவ்விரு தீவுகளின் வாழைத் தோட்டங்களில், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல, 1972 முதல் 1993 வரையில் குளோர்டெகோன் என்ற மருந்தை மரத்தின் அடியில் தூவி வந்தனர். இம்மருந்தைச் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலையாட்களுக்குக் கைகால் நடுக்கம் முதலிய நோய்கள் கண்டு, 1975-லேயே அந்தச் சாலை மூடப்பட்டிருந்தது. பிரான்ஸில் 1990-ல் மருந்து தடை செய்யப்பட்டும், தீவுகளின் வாழைக்கு மட்டும் மேலும் மூன்றாண்டு சலுகை அளிக்கப்பட்டது. அச்சலுகையைப் பெற முயன்றவர்கள் தோட்டக்காரர்களுக்கு உபகாரம் செய்ததாகவே நினைத்திருக்கலாம்.

குளோர்டெகோன் மக்குவதில்லை என்றே சொல்லலாம். எரிமலைச் சாம்பலால் உண்டான, கரிமச் சத்து மிகுந்த அந்த மண் இதை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு மழைக்குச் சிறிது சிறிதாய் விட்டுக்கொடுக்கிறது. ஊற்றுநீரிலும் ஓடைநீரிலும் இம்மருந்து கலந்திருப்பது 1999 முதல் நன்கு வெளிப்பட்டது. சேம்பு, வள்ளி, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகள் மண்ணிலிருந்து இதை ஏற்கின்றன. மேயும் மாட்டிலும் கிளறித் தின்னும் கோழியிலும் இது சேர்கிறது. ஓடைகளிலும், கரையோரக் கடலின் பல பகுதிகளிலும் மீன் பிடிக்கத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. வாழைப் பழத்திலோ இம்மருந்து ஏறுவதில்லை. ஐரோப்பாவுக்குச் சென்ற பழம் சுத்தமானது. அதை விளைவித்தவன் தன் வீட்டுக்குப் போட்ட கிழங்குதான் கெட்டது. அவ்விரு தீவுகளிலும் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் இது காணப்படுகிறது. கெட்ட நிலம் தானே சுத்தமாவதற்குச் சில இடங்களில் நூற்றாண்டுகள் செல்லும் என்று நிபுணர் கணக்கிடுகின்றனர். கூன்வண்டு நம் வாழைத் தோட்டங்களிலும் உள்ளதே. துளையில்லாத கன்றுகளைப் பொறுக்கி, அடிக்கிழங்கைச் சீவி நடுவதும், தண்டை நெடுக்காய்ப் பிளந்து ஆங்காங்கே வைத்து, வந்து கூடும் வண்டுகளை எடுத்து அழிப்பதும் நம்மவர் அறிந்த முறைகள்.

இதற்கு எதிர்மாறான உதாரணம் பார்படோஸ் தீவு. இதன் பெரும் பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறை. மேலே விழும் ஜலம் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி நிலத்தடியில் சேருகிறது. ஊராரின் குடிநீர் பெரும்பாலும் அங்கிருந்தே இறைக்கப்படுகிறது. 1963-ஆம் ஆண்டிலேயே அத்தீவு முழுவதும் ஐந்து மண்டலங்களாக வகுக்கப்பட்டது. அசுத்தம் குடிநீர்க் கிணற்றை வந்தடைய 300 நாளுக்குக் குறைவாகப் பிடிக்கும் பூமி முதல் மண்டலம். அங்கே புதிதாக வீடு கட்ட அனுமதியில்லை என்று அப்போது விதிக்கப்பட்டது. தூரத்தைக் கோலால் அளக்காமல் ஜலம் நடக்கும் நாட்களால் அளந்தது கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது. எனினும், நாட்கணக்கு நோய்க்கிருமிக்கே பொருந்தும். கிருமி வழியில் மடிந்துவிடும், தழைச்சத்து உரத்திலிருந்து பிறக்கும் நைட்ரேட் உப்போ மடிவதில்லை. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு அபாயம் உண்டு. ஜலத்தைக் காய்ச்சினால் இவ்வுப்பு நீங்காது. வற்ற வற்றச் செறிவே மிகும்.

செயிண்ட் லூஷியாவின் கஷ்டம் வேறு வகையானது. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும் வறட்சியால் அங்கே தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி டோமாஸ் என்ற புயல் தாக்கியது. மலைச்சரிவுகள் இடிந்து, வடபகுதிக்குக் குடிநீர் அளிக்கும் ஜான் காம்ப்டன் அணையில் வண்டல் பெருமளவு படிந்தது; குழாய்கள் உடைந்தன. ஊரெங்கும் வெள்ளமாயிருக்க, பல நாள் குடிக்க நீரில்லை. சரிவில் மரத்தை அகற்றி மேலும் கீழுமாய் உழுத நிலத்தின் மண்ணே இவ்வாறு அணைக்குப் போய்ச் சேருகிறது. கரிபியன் தீவுகள் சிலவற்றில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் வரிசை நட்டு மண்ணை நிறுத்துகின்றனர். அப்புல்லுக்கு அங்கே வழங்கும் பெயர்களில் ஒன்று நம் தமிழ்ச் சொல்லின் திரிபே.

அணையும் குழாயும் பொய்க்கும் காலத்தில் உதவுவது கூரைநீர். கிரனடாவைச் சேர்ந்த கரியகூ தீவில் வற்றாத ஓடை ஒன்றும் இல்லை. வீடுதோறும் மழைநீர்த் தொட்டி வைத்துக்கொள்வது பரம்பரை வழக்கம். குழாய் வந்த இடங்களில் மக்கள் கைவிட்ட இவ்வழக்கத்தைப் புதுப்பிக்க, காஸ்ட்ரீஸ் நிலையம் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்துடன் சேர்ந்து 2009-ல் ஒரு கைநூல் வெளியிட்டது.

கணக்கு எளியது. 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,180 லிட்டர் விழும். சிதறுவதும் ஆவியாவதும் போக நூற்றுக்கு எண்பது பங்கு தொட்டிக்கு வரும் என்று கொள்ளலாம். ஐந்து பேருள்ள குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால், ஐந்து மாத வறட்சிக்கு 15,000 லிட்டர் வேண்டும். இதற்கு 16 அங்குல மழை போதும். தொட்டி கட்டும் செலவே பெரிது. அதைச் சிறிதாகக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர்.

கூரையில் படிந்த தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு வருமாதலால், அந்த நீரைத் தொட்டியில் விடாமல் தனிக் குழாயால் வெளியேற்ற வேண்டும். தொட்டியை மூடி, காற்றுப்போக்கிகளுக்கும் வழிகால்களுக்கும் நெருக்கமான கம்பிவலை அடித்தல் அவசியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய சுத்தமான நீரில்தான் முட்டையிடுகிறது. தோட்டத்தை அடுத்த வீடுகளில், மருந்து தெளிப்பதற்கு முன்னரே கூரையிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டு, பிறகு வரும் நல்ல மழையில் கூரை கழுவப்பட்டபின் பொருத்துதல் வேண்டும்.