காரைக்கால் பழைய வீட்டைச் சீரமைக்கிறீர்களா?

1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய திண்ணை வீடுகள் இன்னும் இருக்கின்றன. செங்கல், சுண்ணாம்பு, மரத்தால் ஆன அவற்றைப் புதுப்பிக்கச் சில குறிப்புகள்:

* ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே கூரை வேலையை முடித்துவிடுங்கள். உடைந்த ஓடுகளை முதலில் மாற்றுங்கள்.

* சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் கலந்து பூசுங்கள். கடல் மணல் வேண்டாம்.

* சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பூசியபின் சில நாட்கள் ஈரச் சாக்கு போட்டுப் பாதுகாருங்கள்.

* உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கை ஒட்டுப்போடலாம்.

* உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி நல்லது.

* கதவு, தூண்களுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.

* பொதுச்சுவரைத் தொடுமுன் பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். பொறியாளரையும் கேளுங்கள்.

இடிப்பதற்கு முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து வீட்டைக் காட்டுங்கள். பெரும்பாலான பழுதுகளைச் சரிசெய்துவிட முடியும்.