முட்டுக்கால் தாங்கும் முதுமரம்

நோய் வந்தவுடன் முதலில் மாறுவது நடையின் வேகம். நேற்று வரை மூன்று மாடிப் படிகளை ஒரே மூச்சில் ஏறியவர், இன்று படுக்கையிலிருந்து கழிவறை வரை செல்வதற்கு ஒரு கையைச் சுவரிலும் மறு கையை மகளின் தோளிலும் வைக்க வேண்டியிருக்கிறது. வலியைக் காட்டிலும் இந்த மாற்றமே பலரை அதிகம் வாட்டுகிறது. உடனிருந்து கவனிப்போரின் சுமை வேறு வகையானது. மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, பணம் கட்டும் வரிசை, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் என்று அவர்களுடைய நாள் ஓட்டத்திலேயே கழிகிறது. ஒருவரால் நடக்க முடியவில்லை. மற்றவரால் நிற்க முடியவில்லை. இவ்விருவருக்கும் உதவக்கூடிய ஒரு பாடத்தை, பரபரப்பான நகரமொன்றின் நடுவே அமைந்த ஜப்பானியத் தோட்டத்தின் வழியாக இவ்விதழில் காண்போம்.

கோபுரங்களின் நடுவே ஒரு தோட்டம்

டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்திலிருந்து சற்றேறக்குறைய பன்னிரண்டு நிமிட நடையில் இருக்கிறது ஹமரிக்யூ தோட்டம். நிலையத்தைச் சுற்றி அலுவலகங்களும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. காலையிலும் மாலையிலும் மக்கள் வெள்ளம் அங்கே பாய்கிறது. அந்த நெரிசலைக் கடந்து, அகழியின் மேலுள்ள பாலத்தின் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தால், ஏறத்தாழ 25 ஹெக்டேர் பரப்பு நம் முன் விரிகிறது. அறுபது ஏக்கருக்கும் சற்று மிகுதி. மூன்று புறம் நகரம். ஒரு புறம் சுமிதா ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம்.

பதினேழாம் நூற்றாண்டில் இவ்விடம் ஷோகன் எனப்படும் படைத்தலைவ ஆட்சியாளர்கள் வல்லூறுகளைக் கொண்டு வேட்டையாடிய நாணற்காடாக இருந்தது. 1654-இல், நான்காம் ஷோகனின் தம்பி இங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கி ஒரு மாளிகை எழுப்பினார். அவருடைய மகன் இயெனோபு பின்னர் ஆறாம் ஷோகனாகப் பொறுப்பேற்றபோது, இது ஷோகன் குடும்பத்தின் தோட்டமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷோகன் ஆட்சி முடிவுற்ற பின் பேரரசரின் அரண்மனைகளுள் ஒன்றாக விளங்கியது. நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் பெருஞ்சேதம் அடைந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் நகரத்துக்கு வழங்கப்பெற்று, 1946-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நாம் அங்கே காணும் அமைதி, ஒருமுறைக்கு மேல் சிதைந்து மீண்டும் சீரமைக்கப்பட்ட அமைதி.

அத்தோட்டத்தில் நிற்கும்போது நகரம் மறைந்துவிடுவதில்லை. மரங்களின் உச்சிக்கு மேலே கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தலைநீட்டுகின்றன. வண்டிகளின் இரைச்சல் தொலைவிலிருந்து மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயினும் உள்ளே வந்தவரின் நடை தளர்கிறது, பேச்சு தாழ்கிறது. சுற்றிலும் ஓசை இருக்கும்போதே ஓர் இடம் எவ்வாறு மனத்தை அமைதிப்படுத்துகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மருத்துவமனையிலும் நமக்குக் கிடைப்பது ஓசைகளின் நடுவே உள்ள வாழ்க்கைதானே!

பாதை கற்பிக்கும் பொறுமை

இவ்வகைத் தோட்டங்கள் ஓரிடத்தில் நின்று முழுவதையும் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. குளத்தைச் சுற்றி நடந்து, படிப்படியாகக் காண்பதற்கு அமைந்தவை. பாதை ஒரு மேட்டைச் சுற்றி வளையும். அதுவரை தெரிந்த நீர்ப்பரப்பு மறையும். பத்தடி சென்றபின் மரக்கிளைகளின் இடையே மீண்டும் தோன்றும், ஆனால் வேறொரு கோணத்தில். தோன்றுதலும் மறைதலும் மாறி மாறி வரும் இந்த உத்திக்கு ஜப்பானியர் 'மியெககுரெ' என்று பெயரிட்டிருக்கின்றனர். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஆகவே இந்த வளைவில் இருப்பதைப் பார்க்கிறோம்.

சிகிச்சைக் காலமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பாதையே. இன்னும் எத்தனை நாள், அடுத்த பரிசோதனையில் என்ன வரும் என்று முழு வழியையும் ஒரே பார்வையில் அறிய மனம் துடிக்கிறது. மருத்துவராலும் அதை முழுமையாகச் சொல்ல இயல்வதில்லை. இன்று காய்ச்சல் இறங்கியதா, நேற்றைவிட ஒரு கவளம் கூடுதலாக உண்ண முடிந்ததா, இரவு உறக்கம் வந்ததா என்று இந்த வளைவில் தெரிவதைக் கவனிப்பது கவலையை ஒழித்துவிடாது. சுமக்கக்கூடிய அளவுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும்.

தோட்டத்தின் நடுவேயுள்ள குளத்துக்கு 'ஷியொஇரி' என்று பெயர். கடல்நீர் புகும் குளம் என்பது பொருள். டோக்கியோ விரிகுடாவின் நீர் மதகின் வழியாக உள்ளே வருகிறது. கடல் ஏறும்போது குளமும் ஏறுகிறது, வடியும்போது குளமும் வடிகிறது. காலையில் நீருக்குள் மூழ்கியிருந்த கரைக்கற்கள் சில மணி நேரத்தில் ஈரம் மின்ன வெளியே தெரியும். நீர் வடிந்த வேளையில் அதைக் குறையாக எவரும் எண்ணுவதில்லை. நோயிலிருந்து தேறும் உடலும் ஒரே சீராக ஏறுவதில்லை. நேற்று நன்றாக இருந்தவர் இன்று சோர்ந்து கிடப்பார். காய்ச்சல், மூச்சுத்திணறல், புதிய வலி போன்ற அறிகுறிகள் இருப்பின் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். அவை இல்லாத வெறும் சோர்வு நாளை, வடிந்த நீரைப் பார்ப்பதுபோல் பார்க்கப் பழகலாம்.

முந்நூறு ஆண்டு மரமும் அதன் முட்டுக்கால்களும்

நுழைவாயிலிலிருந்து சிறிது தொலைவில் ஒரு கரும்பைன் மரம் இருக்கிறது. 1709-இல் இயெனோபு தோட்டத்தைப் புதுப்பித்த காலத்தில் நடப்பட்டது என்று சொல்லப்படும் மரம் அது. வானளாவி வளராமல், தாழ்ந்து, அகன்று, கிளைகளைத் தரையோடு தரையாகப் பரப்பியிருக்கிறது. அக்கிளைகளின் அடியில் ஆங்காங்கே மரத்தூண்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அவை இல்லையேல் கிளைகள் தம் பாரத்தாலேயே முறிந்துவிடும்.

இந்த முட்டுக்கால்களைத் தோட்டக்காரர்கள் ஒளித்துவைக்கவில்லை. வருபவர் எல்லோரும் காணும்படி அவை வெளிப்படையாக நிற்கின்றன. தூண் எங்கே தேவை, எந்த உயரத்தில் தேவை, கிளைக்கும் தூணுக்கும் நடுவே மரப்பட்டை தேயாமல் எவ்வாறு கட்டுவது என்பனவெல்லாம் அவர்களுடைய தொழில் நுட்பத்தின் பகுதி. மரத்தைக் காண வருவோர், "ஐயோ, தாங்கி நிற்கிறதே!" என்று இரங்குவதில்லை, இத்தனை ஆண்டு இருக்கிறதே என்று வியக்கின்றனர்.

வாக்கரைப் பிடித்து நடக்க வெட்கப்பட்டு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துத் தனியே எழுந்து விழுந்தவர்கள் உண்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் இருப்பதை உறவினர் பார்க்கக் கூடாதென்று, வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்வோரும் உண்டு. அவர்களுடைய வருத்தம் உண்மையானது. அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் ஊன்றுகோலும் பிறர் தோளும் வீழ்ச்சியின் அடையாளங்கள் அல்ல. வீழாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள். உதவுவோருக்கும் இம்மரம் ஒன்று சொல்கிறது. தூண் கிளையைத் தாங்குகிறது; கிளையின் வேலையைத் தான் செய்வதில்லை. தாமே உண்ணக்கூடியவருக்கு ஊட்டிவிடாமல், தட்டை அருகே நகர்த்தி வைத்துப் பொறுமையுடன் அமர்ந்திருப்பதும் முட்டுக்கொடுத்தலே.

அமர்வதற்கென்று ஒரு வீடு

குளத்தின் நடுவே ஒரு சிறு தீவும், அதில் ஒரு தேநீர் இல்லமும் உள்ளன. 1707-இல் முதலில் கட்டப்பட்ட அவ்வில்லம், 1983-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதை அடைய 118 மீட்டர் நீளமுள்ள மரப்பாலத்தில் நடக்க வேண்டும். அங்கே மாச்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் நுரைபொங்கக் கலக்கி, ஓர் இனிப்புடன் தருகிறார்கள். முதலில் இனிப்பு, பின்னர்க் கசப்பும் மணமும் கலந்த தேநீர். கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தியிருப்பவருக்கு வேறு வேலை செய்யக் கை இல்லை. குளத்தைப் பார்த்தபடி குடிப்பது ஒன்றே அந்த வேளையின் கடமை.

குடும்பத்தாருக்கு இவ்விடத்தில் ஒரு சொல். உங்கள் அன்னையோ கணவரோ படுக்கையில் இருக்கும்போது, நீங்கள் பத்து நிமிடம் அமர்ந்து தேநீர் அருந்துவது குற்றமன்று. தாங்கும் தூணுக்கும் தரை வேண்டும். முறைவைத்து உறங்குங்கள், வேளைக்கு உண்ணுங்கள், ஒருவர் வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்றால் மறுக்காமல் எழுந்து செல்லுங்கள்.

புகலிடமான தோட்டம்

சுமிதா ஆற்றின் கிழக்கே, அதே நகரில் கியோசுமி என்னும் மற்றொரு தோட்டம் இருக்கிறது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து எழுந்த தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. கியோசுமியும் கடுமையாகச் சேதமுற்றது. ஆயினும் அதற்குள் ஓடிவந்து ஒதுங்கிய அக்கம்பக்கத்து மக்கள் பலர் உயிர்பிழைத்தனர். அதன் உரிமையாளர்களாகிய இவாசாகி குடும்பத்தார், சேதம் குறைவாயிருந்த பாதியை அடுத்த ஆண்டே நகரத்துக்கு அளித்தனர். 1932-இல் அது பொதுத் தோட்டமாயிற்று.

அங்கே குளத்தின் ஓரமாக நீரினுள் பெரிய கற்களை இட்டு நடைவழி அமைத்திருக்கிறார்கள். கல்லிலிருந்து கல்லுக்குக் கால் வைப்பவர் வேறெதையும் எண்ண முடியாது. பார்வை பாதத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல்முறை நடப்பவருக்கு எங்கள் இயன்முறை மருத்துவர்கள் சொல்வதும் ஏறத்தாழ அதுவே: அடுத்த அடியை மட்டும் பாருங்கள். (நடை உறுதிப்படாதவர்கள் இத்தகைய கல்வழிகளில் உண்மையில் நடக்கலாகாது, கரையிலிருந்து காண்பதே நன்று.)

மருத்துவம் என்ன கூறுகிறது?

பசுமையைக் காண்பது நோயாளிக்கு உதவுமா என்பதை ஆராய்ந்தோருள் ரோஜர் உல்ரிச் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மறு பாதியின் சன்னல் செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டோர் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைக் கண்டோர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னவருக்குக் கடுமையான வலிநீக்கி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவு 1984-இல் வெளியாயிற்று.

46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வேறுபாடும் ஒரு நாளுக்குட்பட்டதே. தோட்டம் மருந்தாகாது, மரத்தைப் பார்ப்பதால் எந்த மாத்திரையையும் நிறுத்தலாகாது. ஆனால் செலவும் பக்கவிளைவும் இல்லாத ஒரு துணையை நாம் ஏன் விலக்க வேண்டும்?

இங்கேயே செய்யத்தக்கவை

டோக்கியோ செல்ல நம்முள் பலருக்கு வாய்ப்பில்லை. அத்தோட்டம் கற்பிப்பதைப் பயில, சன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு வேப்பமரம் போதும்.

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் அந்த ஒரே மரத்தைப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, எந்தப் பறவை வந்தது, இலை அசைகிறதா என்று கவனியுங்கள். படுக்கையிலிருந்து சன்னல் தெரியவில்லையெனில் செவிலியரிடம் கூறுங்கள். இயன்றால் நாற்காலியில் அமர்த்தி அருகே கொண்டுசெல்வார்கள். எழுந்து நடக்க மருத்துவர் இசைவளித்திருந்தால், படுக்கையின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் அமர்ந்து, தலைச்சுற்றல் இல்லை என்று அறிந்தபின், துணையுடன் எழுங்கள். புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோரும் மண்ணையும் செடியையும் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க வரும் உறவினர், சிறிது நேரமேனும் கேள்வி எதுவும் கேட்காமல் நோயாளியோடு சேர்ந்து அம்மரத்தைப் பார்த்திருக்கலாம். "எப்படி இருக்கிறது?" என்று பத்தாவது முறை கேட்பதைவிட, "அதோ, அணில் ஏறுகிறது பாருங்கள்" என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

ஹமரிக்யூவின் பைன் மரம் இன்றும் தன் தூண்களின்மேல் கிளைகளைச் சாய்த்து ஆண்டுதோறும் புதுத்தளிர் விடுகிறது. தாங்குவோரும் தாங்கப்படுவோரும் சேர்ந்தே அந்த மரம் நிற்கிறது.