கோடை நீரில் கொடுவா: அந்தமான் கழிகளின் பருவமும் மீன்பிடிப்பும்

பருவ மாறுதல் மீன்களின் நடமாட்டத்தை நிர்ணயிக்கின்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் எல்லா நாடுகளிலும் எல்லா மீன்களும் ஒரே அடையாளத்தைக் கண்டு நடப்பதில்லை. வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் பாஸ் என்னும் மீன் உண்டு. குளிர்காலத்தில் அது ஆழத்தில் அசைவு குறைந்து கிடக்கும். வசந்தத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை சென்டிகிரேடை அடைந்ததும் கரையோரத்து ஆழமற்ற நீரை நாடி வரும். ஆண் மீன் அடிமணலை விலக்கிக் குழி அமைக்க, பெண் அதில் முட்டையிடும்; முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் காவல் புரியும். ஆகவே அந்நாட்டுத் தூண்டிற்காரர் வெப்பமானியைக் கொண்டே மீன் இருக்கும் இடத்தை ஊகித்து அறிகின்றனர்.

அந்தமான் தீவுகளில் இம்முறை பயன்படாது. இங்குக் கடல்நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 27 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையிலேயே நிற்கின்றது. எனினும் இத்தீவுகளிலும் பாஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு மீன் உண்டு. அதுவே நம் கொடுவா. அதன் பருவத்தை வகுப்பவை உப்பு, மழை, ஓதம் ஆகிய மூன்றுமே. இம்மூன்றும் கொடுவாவை எவ்வாறு நடத்துகின்றன என்பதையும், கோடையில் அது எளிதாக அகப்படுவதற்குக் காரணம் யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மீனை அறிதல்

கொடுவாவின் விஞ்ஞானப் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர் என்பதாகும். இத்தீவுகளில் பல மொழி பேசுவோர் குடியேறியிருப்பதால் ஊழியர்கள் பல பெயர்களையும் அறிந்திருத்தல் நலம். வங்காளிகள் இதனைப் பேட்கி என்பர். தெலுங்கர் பண்டுகப்பா என்பர். மலையாளிகள் காளாஞ்சி என்பர். பதிவேட்டில் மூன்று மீன்களாக எழுதப்பட்டவை உண்மையில் ஒரே மீனாக இருத்தல் கூடும்.

நீண்ட உடல், கண்ணுக்கு மேல் சற்றுக் குழிந்த தலை, மேல்தாடையைக் காட்டிலும் முன்நீண்ட கீழ்த்தாடை, வட்டமான வால் ஆகியவை இதன் அடையாளங்கள். இரவில் விளக்கொளி பட்டால் கண் செந்நிறமாக ஒளிரும். கடலோரத்தில் வெள்ளி நிறமாகவும், நன்னீரில் கருமை படர்ந்தும் காணப்படும். செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்று கூர்மையானது. பழக்கமில்லாதவர் அவ்விடத்தில் கை வைத்தல் ஆகாது.

இது ஊன் உண்ணும் மீன். இறால், மடவை முதலியவற்றை மறைவில் காத்திருந்து, வாயை விரைந்து திறந்து நீருடன் உறிஞ்சிக் கொள்ளும். இரை போதாவிடின் தன் இனத்துச் சிறு மீன்களையும் உண்ணும்.

ஆண் பெண்ணாதல்

கொடுவாவைப் பற்றி ஊழியர்கள் முதன்மையாக மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்மீன்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன. மூன்று நான்கு வயதில் ஆணாகி, சில பருவங்கள் அவ்வாறே இனப்பெருக்கத்தில் பங்கு கொண்டு, ஆறு முதல் எட்டு வயதளவில் பெண்ணாக மாறுகின்றன. எனவே ஒரு கழியில் உள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய யாவும் தாய் மீன்களே. ஒரு தாய் மீன் ஒரு பருவத்தில் பல பத்து லட்சம் முட்டைகளை இடும். உடல் பெரிதாகுந்தோறும் முட்டையின் எண்ணிக்கையும் பெருகும்.

முட்டை பிழைப்பதற்கு உப்பு நீர் இன்றியமையாதது. ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 28 முதல் 35 பங்கு வரை உப்பு இருக்கும் முகத்துவாரப் பகுதியிலேயே கொடுவா முட்டையிடும். அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களை ஒட்டி, மாலைக்குப் பின் ஓதம் ஏறும் வேளையில் இது பெரும்பாலும் நிகழ்கின்றது. ஏறும் நீர் முட்டைகளைக் கழிக்குள் கொண்டு சேர்க்கும். 28 பாகை வெப்பத்தில் சுமார் 17, 18 மணி நேரத்தில் முட்டை பொரிக்கும். வெளிவரும் குஞ்சின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. சில வாரங்களில் அது அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு இடையிலும், சதுப்பு நிலத்துக் குட்டைகளிலும் புகுந்து வளரத் தொடங்குகின்றது. பின்னர் நன்னீர் ஓடைகளிலும் மேலேறிச் சென்று வாழ்கின்றது. முதிர்ச்சி அடைந்தபின் முட்டையிடும் பொருட்டு மீண்டும் முகத்துவாரத்தை நோக்கி இறங்குகின்றது.

ஆண்டின் நான்கு கட்டங்கள்

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். இதனை ஒட்டிக் கொடுவாவின் ஆண்டை நான்கு கட்டங்களாகப் பகுத்துக் காணலாம்.

முதற்கட்டம் கோடை. ஓடைகள் மெலிந்து, சதுப்புக் குட்டைகள் வற்றி, உப்பு நீர் கழியின் உட்பகுதி வரை ஏறுகின்றது. பரந்து வாழ்ந்த மீன்கள் ஆழமான மடுக்களிலும் கழியின் கீழ்ப்பகுதியிலும் வந்து திரள்கின்றன. நீர் தெளிந்திருப்பதால் பகலில் ஒதுங்கி, விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் இரை தேடுகின்றன.

இரண்டாங்கட்டம் கோடையின் முடிவும் முதல் மழையும் சேர்ந்த காலம். முதிர்ந்த மீன்கள் முகத்துவாரத்தை நாடுகின்றன. அந்தமான் கடலின் மறுகரையில் உள்ள தாய்லாந்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை முட்டையிடுதல் மிகுந்திருப்பதாகக் கண்டுள்ளனர். ஒரே தீவில் அடுத்தடுத்துள்ள கழிகளிலும் மழை நீரின் அளவுக்கு ஏற்ப நாட்கள் முன்பின்னாதல் இயல்பு.

மூன்றாங்கட்டம் பெருமழைக் காலம். கழி பெருகித் தாழ்நிலங்கள் நீரில் மூழ்குகின்றன. மீன்கள் சிதறுகின்றன, நீர் கலங்குகின்றது, வலையில் விழுவது குறைகின்றது. இக்காலத்திலேதான் குஞ்சுகள் சதுப்பு நிலங்களில் புகுகின்றன.

நான்காங்கட்டம் மழை ஓயும் காலம். நீர் வடியும்போது, விரல் நீளமும் அதற்கு மேலும் வளர்ந்த இளமீன்கள் வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் தென்படும்.

ஓதமும் இரையும்

இவ்வாண்டுச் சுழற்சிக்குள் நாள்தோறும் நிகழும் சுழற்சி ஒன்றும் உண்டு. ஓதம் ஏறும்போது இறாலும் மடவையும் அலையாத்தி வேர்களுக்கிடையே சென்று மேய்கின்றன. ஓதம் இறங்கும்போது அவை கிளைக்கழிகளின் வாயில் வழியாக வெளியேறியே தீரவேண்டும். கொடுவா அவ்வாயிலில், விழுந்த மரத்தின் நிழலிலோ பாறையின் ஓரத்திலோ காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 2 மீட்டர் ஆகின்றது, நீரோட்டமும் வலுக்கின்றது. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தணிந்திருக்கும். ஆகவே மீன்பிடிப்போர் இறங்கும் ஓதத்தில் கிளைக்கழி வாயிலை நாடுவது அனுபவத்தால் மட்டுமன்றி விஞ்ஞானத்தாலும் பொருத்தமானதே.

எளிதில் அகப்படுதல் மிகுதியாகாது

கோடையில் வலை நிறைவதைக் கண்டு, அக்காலத்தில் மீன் பெருகியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இதனை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். ஒரு கழியில் 100 கொடுவாக்கள் இருப்பதாகக் கொள்வோம். மழைக்காலத்தில் அவை 50 ஹெக்டேர் பரப்பில் பரவியிருப்பின், ஹெக்டேருக்கு 2 மீன்களே உண்டு. கோடையில் நீர் சுருங்கி 5 ஹெக்டேர் ஆயின், ஹெக்டேருக்கு 20 மீன்கள். வலையில் விழுவது பத்து மடங்காகும். கழியிலுள்ள மீனோ ஒன்றும் கூடவில்லை. பெருகியதாக எண்ணி 60 மீன்களைப் பிடித்துவிட்டால், முதல் மழையில் முகத்துவாரத்திற்குச் செல்ல எஞ்சியிருப்பவை 40 மட்டுமே.

இதனுடன் பால் மாற்றத்தையும் சேர்த்து எண்ணுக. விலை கருதிப் பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால், எஞ்சும் நாற்பதும் பெரும்பாலும் ஆண்களாகவே இருக்கும். அவை பெண்ணாக மாற இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். அதுகாறும் அக்கழியில் முட்டை அருகியே இருக்கும். இக்குறை உடனே புலப்படாது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, நடுத்தர மீன்கள் இல்லாமற் போனபின்னரே ஊரார் உணர்வர்.

கிழக்குக் கரைக்கும் அந்தமான் கடலுக்கும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் விதிக்கப்படுகின்றது. ஆயின் அது முக்கியமாக விசைப்படகுகளைக் கருதியது. கழியில் தூண்டிலும் வீச்சு வலையும் கொண்டு பிடிப்போரைப் பொறுத்தவரை, தாய் மீனைக் காத்தல் பெரிதும் அவர்தம் அறிவையும் மனத்தையும் சார்ந்ததாகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இயற்கை நீர்நிலைகளில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும், 120 சென்டிமீட்டருக்கு மிகுந்த கொடுவாவையும் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. இளமீனைக் காக்கும் விதியைப் பல நாடுகளில் காணலாம். முதிய மீனையும் சேர்த்துக் காப்பது இம்மீனின் பால் மாற்றத்தை அறிந்ததன் பயனாகும்.

அணைக்கு மேற்புறம்

கொடுவாவை நன்னீர் ஏரியில் வளர்க்க இயலுமா என்று ஆசிரியர்களிடம் மாணவர் வினவக்கூடும். வளரும், ஆனால் அங்கே இனம் பெருகாது. அணைக்கு மேற்புறம் உள்ள நீரில் இட்ட குஞ்சு நன்கு பருத்தாலும், முட்டையிட உப்பு நீரை அடைய வழியில்லை. ஆகவே அத்தகைய நீரில் ஆண்டுதோறும் குஞ்சு விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைக் காப்பிடத்தில் முட்டையிடச் செய்து குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. அதன்பின் வளர்ப்போர் இயற்கைக் குஞ்சுகளையே நம்பியிருக்கும் நிலை மாறிற்று. எனினும் கழியின் இயற்கை இனத்திற்குப் பொரிப்பகம் ஈடாகாது. முகத்துவாரம் திறந்தும் அலையாத்தி செழித்தும் இருந்தால் அது தானே பெருகும்.

இத்தீவுகளின் கழிகள் அண்மைக் காலத்தில் பெரும் மாறுதலுக்கு உட்பட்டவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் போர்ட் பிளேயர்ப் பகுதி ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் முதலிய இடங்களில் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றுவிட்டது. வட அந்தமானில் நிலம் உயர்ந்தமையால், ஓதம் எட்டாமல் அலையாத்தி மரங்கள் பல பட்டுப்போயின. ஆகவே முன்பு அறிந்த நாற்றங்கால் இடங்களை இன்றும் அவ்வாறே எனக் கொள்ளாமல், ஒவ்வொரு கழியையும் புதிதாகக் கண்டு குறித்தல் வேண்டும்.

களத்தில் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு கழிக்கும் தனிக் குறிப்பேடு வைக்க. தேதி, பிறைநாள், ஓதம் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது, உப்பின் அளவு, மீனின் நீளம் ஆகிய ஐந்தையும் தவறாது எழுதுக.

2. மூடிய வாயின் நுனி முதல் வாலின் முனை வரை, அளவுப் பலகையின் மீது வைத்து நீளத்தை அளக்க. கண்ணளவில் எழுதிய நீளம் பயன் தராது.

3. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அகப்படும் பெரிய மீன்களின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்க. பால் போன்ற நீர் வரின் ஆண். முட்டை வரின் பெண். எந்த நீளத்தில் பெண் தோன்றத் தொடங்குகின்றது என்பதை இக்குறிப்பே காட்டும்.

4. எத்தனை மீன் அகப்பட்டது என்பதுடன், எத்தனை வலை எத்தனை மணி நேரம் இடப்பட்டது என்பதையும் எழுதுக. கோடைக் கணக்கைக் கோடைக் கணக்கோடே ஒப்பிடுக.

5. மீனவரிடம் தடை விதிப்பவர் போன்று பேசாமல், மேற்கூறிய நூறு மீன் கணக்கை அவர் கழியையே எடுத்துக்காட்டி விளக்குக.

6. கழிகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. அந்தியில் தனியே நீரில் இறங்கற்க. கரையில் குனிந்து மீன் கழுவற்க. பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளின் கழிகளில் அனுமதியின்றி நுழைதல் சட்டப்படி குற்றம்.

வகுப்பறைக்கு வினாக்கள்

அ. குளிர்நாட்டுப் பாஸ் மீனுக்கு வெப்பமானி உணர்த்துவதைக் கொடுவாவுக்கு உணர்த்துவது எது?

ஆ. ஒரு கழியின் வாயிலை மண்ணிட்டு முற்றும் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் கொடுவாக்களுக்கு முதலாண்டில் என்ன நேரும்? பத்தாம் ஆண்டில் என்ன நேரும்?

இ. ஒரே எடையுள்ள மீன் வேண்டுமாயின், ஒரு பெரிய மீனைப் பிடித்தல் நன்றா, சில நடுத்தர மீன்களைப் பிடித்தல் நன்றா? காரணம் கூறுக.

மூன்றாம் வினாவிற்கு மாணவர் கூறும் விடைகளைக் கரும்பலகையில் எழுதி விவாதிக்கச் செய்க. மீனவர் இல்லத்துப் பிள்ளைகள் அவ்விடையை வீட்டிற்கும் கொண்டு செல்வர். கோடையில் மடுவில் திரண்டு நிற்கும் மீன் வரும் ஆண்டுகளின் விதைநெல் என்பதை ஊரார் அறிந்துகொள்ள அதுவே சிறந்த வழியாகும்.